காளைப்போரும் ஊமைப் படமும்

மாட்டுப் பொங்கலன்று ரெங்கம் வட்டாரத் தோட்டங்களில் அலங்காநல்லூர்க் காளைகளைப் பற்றிப் பேசாத முதியவர் அரியர். அவர்களும் தம் பெற்றோர் வாய்மொழியாகவே அதனை அறிந்தவர்கள். சென்ற பொங்கலில் அத்தகைய பேச்சின் இடையே ஒரு சிறுவன், “அந்தக் காலத்துப் படம் இருக்கிறதா, தாத்தா?” என்று கேட்டான். பெரியவர் சிரித்து மழுப்பிவிட்டார். அக்கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

ஸ்பெயின் நாட்டுச் சிறுவன் கேட்டிருந்தால் விடை கிடைத்திருக்கும். பிரான்சு நாட்டு லூமியேர் சகோதரர் பாரிஸில் தம் சலனப்படத்தைக் கட்டணம் பெற்றுக் காட்டியது 1895 டிசம்பரில். மறு ஆண்டே அவர்களுடைய ஆளாகிய புரோமியோ மாட்ரிட் நகருக்குச் சென்று, காளைப்போர் வீரர்கள் களத்துக்கு வந்து சேரும் காட்சியைப் பிடித்துவிட்டார். முழுப் போரையும் பிடிக்க அப்பொறியால் இயலாது. கையால் சுழற்றும் மரப்பெட்டி அது. அதில் கொள்ளும் பிலிம் ஏறக்குறைய 17 மீட்டர். ஓடும் நேரம் 50 வினாடி. ஒரு காளையைக் கொன்று முடிக்கவோ ஏறத்தாழ 20 நிமிடம் செல்லும். முதலில் குதிரைமீதிருந்து ஈட்டியால் குத்துவோர், அடுத்து முள்தண்டுகளை நாட்டுவோர், இறுதியில் செந்துணியும் வாளுமாக வருபவன். கிராணி புத்தி சும்மா இருக்குமா? வகுத்துப் பார்த்தேன், ஒரு காளைக்கு 24 சுருள் வேண்டும்! 1898-இல் அமெரிக்க எடிசன் கம்பெனியார் மெக்சிகோவின் துராங்கோ நகரில் எடுத்த காளைப்போரும் தனித்தனித் துண்டுகளே.

கேளிக்கைக்கென எடுத்த துண்டுகளைக் காலம் சாட்சியங்களாக்கிவிட்டது. ஈட்டிக்காரன் ஏறிவரும் குதிரைக்கு அந்நாளில் கவசம் கிடையாது. கண்ணை மறைத்துக் கொம்புக்கு நேரே நிறுத்துவர். குடல் சரிந்து மாண்டவை எத்தனையோ. 1928-இல்தான் ஸ்பானிய அரசாங்கம் குதிரைக்கு மெத்தைக் கவசத்தை விதித்தது. இன்று களத்துக்குப் போகிறவர் அவ்வெற்று விலாவைக் காணார். பழைய படத்திலோ அது மறைவின்றி நிற்கிறது. ‘என்றும் இப்படியே நடந்தது’ என்று வழக்கத்துக்கு வக்காலத்து வாங்குவோருக்கு வேறு மறுமொழி வேண்டுமோ? ஆயினும் அப்படம் ஊமையன்றோ? குதிரையின் கதறல் அதில் இல்லை.

நம் ஏறு தழுவுதல் வேறு வகை. கலித்தொகையின் முல்லைக்கலி பாடும் அவ்விளையாட்டில் வாளில்லை. காளையைத் தழுவி அடக்குவதே வெற்றி. (கொம்பு குத்தி மாண்ட இளைஞரை மறைத்துப் பெருமை பேசுதல் தகாது.) 2014-இல் உச்ச நீதிமன்றம் தடுத்ததும், 2017-இல் மெரினாவில் மக்கள் திரண்டதும், புதுச் சட்டம் பிறந்ததும், 2023-இல் அச்சட்டம் நிலைபெற்றதும் நேயர்கள் அறிந்தவையே.

பொறி நம்மவர் கைக்கு எட்டாமலில்லை. திருச்சியில் ரெயில்வே உத்தியோகஸ்தராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படப்பொறியையும் இயேசுவின் வாழ்க்கைப் படத்தையும் வாங்கிக்கொண்டு, ஊரூராகக் கூடாரமடித்துக் காட்டினார். மேசை உத்தியோகத்தை ஒருவர் இப்படி உதறியது எங்கள் இனத்தாருக்குப் பெருமையே. பின்னர்ச் சென்னையில் நடராஜ முதலியார் தென்னாட்டின் முதல் ஊமைக் கதைப்படத்தை எடுத்தார். அவர் நாடியது மஞ்சுவிரட்டுத் திடலையன்று, மகாபாரதத்தை. அந்தக் ‘கீசக வதம்’ படத்திலும் ஒரு பிரதிகூட இன்று இல்லை.

சிறுவனுக்குப் பழைய காளைப்போர்த் துண்டு ஒன்றைக் கைப்பேசியில் காட்டினேன். முடியும்வரை இமைகொட்டாது பார்த்தான். பிறகு, “இது நம்ம மாடு இல்லையே, ஐயா” என்றான்.