ஹைபிரிட் கார் ‘ரெடி’ ஆகவில்லையா? முதலில் சிறிய பற்றரியைப் பாருங்கள்

பெல்மதுளையிலிருந்து நோனாகம நோக்கிச் செல்லும் ஏ-18 வீதியில் உள்ளது எம்பிலிப்பிட்டிய. இரத்தினபுரி மாவட்டம் என்றாலும் இங்கே மலைநாட்டுக் குளிர் கிடையாது. வன்னியைப் போன்ற வெக்கைதான். இந்தச் சூடு ஹைபிரிட் கார்களின் சிறிய பற்றரியை விரைவாகத் தேய்க்கிறது. ஹயர் ஓடிப் பிழைப்பவர்களுக்கும், லீசிங்கில் வாகனம் எடுத்தவர்களுக்கும் இது வருமானத்தோடு சம்பந்தப்பட்ட விடயம்.

டொயோட்டா பிரியஸ், அக்வா போன்ற கார்களில் இரண்டு பற்றரிகள் உண்டு. ஒன்று, காரை ஓட்டும் உயர் அழுத்தப் பற்றரி. மற்றது சாதாரண 12 வோல்ற் துணைப் பற்றரி. எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பற்றரிதான். ஆனால் கணினிகளை விழிக்க வைப்பதும், பெரிய பற்றரியை இணைக்கும் ரிலேக்களை மூடுவதும் சிறியதன் வேலை. ஆகவே சிறியது இறங்கினால், பெரியது நிறைந்திருந்தாலும் கார் அசையாது.

அறிகுறிகள்

கதவு ரிமோட்டுக்குத் திறக்காது. பட்டனை அழுத்தினால் ‘ரெடி’ விளக்கு வராது. டாஷ்போர்டில் பல எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரியும். இதைப் பார்த்துப் “பெரிய பற்றரி போய்விட்டது” என்று முடிவு கட்டினால், குறைந்த செலவில் முடிய வேண்டியது இலட்சங்களில் போய் நிற்கும்.

அளந்து பாருங்கள்

காரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மல்டிமீற்றரால் அளக்கவும். 12.6 வோல்ற் அளவில் இருந்தால் நல்லது. 12.2க்குக் கீழே என்றால் பலவீனம். ‘ரெடி’ நிலையில் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் சார்ஜ் செய்யும் பகுதியைச் சோதிக்க வேண்டும். வோல்ற் சரியாக இருந்தும் பற்றரி பழையதென்றால், கடையில் லோட் சோதனை செய்வதே நம்பகமானது.

வழியில் நின்றால்

உடவளவ – தணமல்வில வீதியில் மின்வேலியோரம் யானைகள் நிற்கும். இரவில் அங்கே இறங்கி நிற்பது ஆபத்து. ஜம்பர் வயரை எப்போதும் காரில் வைத்திருங்கள். சாவிக்குள் இருக்கும் இரும்புத் திறப்பால் சாரதிக் கதவைத் திறக்கலாம்.

பிரியஸ் போன்ற மாடல்களில் முன்பக்கப் பியூஸ் பெட்டிக்குள் சிவப்பு மூடியுள்ள ஜம்ப் முனை உண்டு. சிவப்பு வயரை அதிலும், உதவும் பற்றரியின் பிளஸ்ஸிலும் மாட்டவும். கறுப்பு வயரை உதவும் பற்றரியின் மைனஸிலும், உங்கள் காரின் வர்ணம் பூசாத இரும்பிலும் மாட்டவும். ‘ரெடி’ வந்ததும் எதிர் வரிசையில் கழற்றவும். பிளஸ், மைனஸ் மாறினால் பியூஸும் மின் மாற்றிப் பகுதியும் எரியக்கூடும்.

உங்கள் ஹைபிரிட்டைக் கொண்டு இன்னொரு வாகனத்தை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். அதன் மின் சுற்று அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டதல்ல. செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே கூடாது.

மாற்றும்போது

சீற்றுக்கு அடியிலோ பின்பக்கத்திலோ பற்றரி இருந்தால், வாயுக் குழாய் பொருத்தக்கூடிய, அந்த மாடலுக்குரிய பற்றரியையே வாங்கவும். மலிவென்று சாதாரண பற்றரியைப் போட்டால் சார்ஜ் ஆகும்போது வரும் ஐதரசன் வாயு காருக்குள் தேங்கும். பின்கதவு மின்சாரத்தால் திறப்பதாயின், வேலை முடியும் வரை அதை மூட வேண்டாம்.

நீண்ட நாள் நிறுத்தினால்

2022 எரிபொருள் நெருக்கடியில் பல கார்கள் வாரக்கணக்கில் நின்றன. வெளிநாடு போன உறவுகளின் கார்களும் அப்படித்தான் நிற்கின்றன. வாரத்துக்கு ஒரு முறை, வெளியில் நிறுத்தி, கியரை ‘பி’யில் வைத்து, ஒரு மணி நேரம் ‘ரெடி’யில் விடுங்கள். ‘ரெடி’ இல்லாமல் பாட்டுக் கேட்டால் சிறிய பற்றரிதான் இறங்கும்.

கராஜில் முதலில் 12 வோல்ற்றை அளக்கச் சொல்லுங்கள். நல்ல பற்றரியோடு பிழைக் குறியீடுகளை அழித்த பின்பும் டொயோட்டாவில் ‘பி0ஏ80’ திரும்ப வந்தால், அப்போது பெரிய பற்றரியைப் பற்றிப் பேசலாம்.