மாஸ்கோவில் ஒரு திண்ணைப் பல்கலைக்கழகம்

கருத்தரங்கு என்றதும் கல்லூரி ஆசிரியர்களாகிய எங்களுக்கு நினைவுக்கு வருவன குத்துவிளக்கு, பொன்னாடை, வரவேற்புரை, மாலையில் வழங்கப்பெறும் சான்றிதழ் ஆகியவையே. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இத்தகைய அரங்குகளில் அமர்ந்திருக்கிறேன். கட்டுரை படிப்பவரை இடைமறித்து, "எனக்கு விளங்கவில்லை, மீண்டும் சொல்லுங்கள்" என்று எவரும் கேட்டதாக நினைவில்லை. நம் பழைய அரங்கேற்ற மரபு அப்படிப்பட்டதன்று. அவையோர் தடை எழுப்புவர். நூலாசிரியர் விடை கூறுவார். அதன் பின்னரே நூல் அவையேறும். அந்தத் தடைவிடை மரபின் சாயலை எனக்குச் சற்றும் தொடர்பில்லாத ஓரிடத்தில், மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகக் கணிதத் துறையின் வரலாற்றில், கண்டு வியந்தேன். வியப்போடு ஒரு துயரமும் சேர்ந்து வந்தது. அதனைப் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

1935இல் மாஸ்கோவில் பள்ளி மாணவர்க்கான முதல் கணித ஒலிம்பியாட் நடைபெற்றது. அக்காலத்திலேயே பல்கலைக்கழகத்தில் பள்ளிச் சிறுவர்க்கான கணித வட்டங்களும் தொடங்கின. மாலை வேளையில் சிறுவர்கள் வந்து அமர்வார்கள். புகழ்பெற்ற அறிஞர்கள் கரும்பலகையில் புதிர் போடுவார்கள். கட்டணமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

இந்த மரபில் தோன்றிய பெரும் நிகழ்வு இஸ்ரேல் கெல்ஃபாண்டின் கருத்தரங்கு ஆகும். 1913இல் இன்றைய உக்ரைனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த கெல்ஃபாண்ட், பள்ளிப் படிப்பையே நிறைவு செய்யாதவர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாமலே, 1932இல், தம் பத்தொன்பதாம் வயதில் கொல்மோகொரோவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர். போர் நடந்துகொண்டிருந்த 1943இல் அவர் தொடங்கிய கருத்தரங்கு, 1989இல் அவர் நாட்டைவிட்டு வெளியேறும் வரை ஏறத்தாழ நாற்பத்தாறு ஆண்டுகள் நடைபெற்றது. திங்கட்கிழமை மாலைகளில் பேராசிரியர், ஆய்வாளர், இளநிலை மாணவர், சில வேளை பள்ளி மாணவர் என அனைவரும் ஓரறையில் கூடுவர். பேசத் தொடங்கியவர் பேசி முடிப்பார் என்பதற்கு உறுதியில்லை. கெல்ஃபாண்ட் இடைமறிப்பார். இளைஞர் ஒருவரை எழுப்பி, இதுவரை கேட்டதைச் சொல்லச் சொல்வார். அவருக்கு விளங்கவில்லையெனில் பேச்சு மீண்டும் தொடக்கத்திலிருந்து நடைபெறும். அவருடைய கடுமையால் மனம் புண்பட்டவர்களும் உண்டு. எனினும் அறியாமையை ஒளிக்க அங்கு யாருக்கும் இடமிருக்கவில்லை. தொலைவிலுள்ள ஊர்களின் சிறுவர்களுக்காக 1964இல் அஞ்சல்வழிக் கணிதப் பள்ளி ஒன்றையும் தொடங்கியவர் அவரே.

இத்தனை அகலத் திறந்திருந்த அதே பல்கலைக்கழகத்துக்கு வேறொரு வாயிலும் இருந்தது. அது நுழைவுத் தேர்வு. சோவியத் குடிமகனின் உள்நாட்டு அடையாளச் சீட்டில் அவரது இனம் குறிக்கப்பட்டிருக்கும். 1970களிலும் 80களின் முற்பகுதியிலும், யூதர் என அறியப்பட்ட மாணவர்கள் வாய்மொழித் தேர்வில் தனியே பிரிக்கப்பட்டனர். அவர்களுக்கென்றே சில கணக்குகள் வைத்திருந்தனர். விடை சில வரிகளில் அடங்கிவிடும். ஆனால் தேர்வறையில் அதனைக் கண்டுபிடிப்பது மிக அரிது. விடை எளிது என்று காட்டிவிடலாம் என்பதால் முறையிடவும் வழியில்லை. மாணவர்கள் அவற்றுக்கு இட்ட பெயர் 'சவப்பெட்டிகள்'. வட்டங்களில் வளர்ந்த, ஒலிம்பியாட்டில் வென்ற பிள்ளைகளும் இவ்வாறு வெளியே நிறுத்தப்பட்டனர். வலேரி செந்தெரோவ், போரிஸ் கனேவ்ஸ்கி என்னும் இருவர் இக்கணக்குகளையும் தேர்வு முடிவுகளையும் திரட்டி 1980இல் அறிக்கையாக எழுதினர்.

வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்காகக் கதவு திறந்தவர் ஒரு பெண்மணி. பெல்லா சுபோத்தோவ்ஸ்கயா 1937இல் பிறந்தவர். அதே பல்கலைக்கழகத்தில் பயின்றவர். 1961இல் அவர் வெளியிட்ட ஓர் ஆய்வு, கணினி அறிவியலின் கோட்பாட்டுப் பகுதியில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. 1978இல் தம் சிறிய வீட்டிலேயே வகுப்புகளைத் தொடங்கினார். பாடம் சொல்ல முன்வந்தோர் முதல்தரக் கணிதவியலாளர்கள். வந்த மாணவரிடம் இனம் கேட்கப்படவில்லை, யாரும் வரலாம். அறைகளைத் தேடுவது, பாடக் குறிப்புகளைப் படியெடுப்பது, பசியோடு வரும் பிள்ளைகளுக்கு உணவு தயாரிப்பது என அனைத்தையும் அவர் பார்த்துக்கொண்டார். வீடு போதாதபோது மழலையர் பள்ளியொன்றிலும், பின்னர் எண்ணெய் எரிவாயு நிறுவனத்திலும், சில காலம் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அறைகளிலேயும் வகுப்புகள் நடந்தன. தேர்வில் வெளியேற்றப்பட்ட பிள்ளைகள், வெளியேற்றிய இடத்திலேயே ஓசையின்றி அமர்ந்து கற்றனர். ஏறத்தாழ 350 பேர் அங்குப் பயின்றதாகக் கூறுவர். பின்னாளில் அது 'யூத மக்கள் பல்கலைக்கழகம்' எனப் பெயர் பெற்றது.

1982இல் செந்தெரோவும் கனேவ்ஸ்கியும் கைது செய்யப்பட்டனர். பெல்லாவும் விசாரணைக்கு அழைக்கப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று இரவு, தெருவில் லாரி ஒன்று மோதி அவர் உயிரிழந்தார். அது விபத்து என்றே பதிவாயிற்று. நண்பர்கள் பலர் அதனை நம்பவில்லை. எதுவும் மெய்ப்பிக்கப்படவும் இல்லை. வகுப்புகள் சில காலத்தில் நின்றன.

ஆயினும் தாகம் நிற்கவில்லை. 1984இல் இவ்வாறே மறுக்கப்பட்ட எட்வர்ட் ஃபிரெங்கெல் என்னும் பதினாறு வயது இளைஞர், அனுமதிச் சீட்டு இல்லாமையால் பல்கலைக்கழக வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே சென்று பாடம் கேட்டதைத் தம் நூலில் எழுதியுள்ளார். ஐந்தாண்டுகளில் ஹார்வர்டு அவரை வருகைதரு பேராசிரியராக அழைத்தது. 1991இல் மாஸ்கோவில் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் ஒன்று தோன்றியபோது, பெல்லாவின் வகுப்புகளில் கற்பித்தவர்களும் அதை நிறுவியவர்களிடையே இருந்தனர்.

வள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகியவற்றை அடுத்துக் கேள்விக்கு ஓர் அதிகாரம் வைத்தார். கேட்டல், வினவுதல் என்னும் இரண்டையும் தமிழ் ஒரே சொல்லால் குறிக்கிறது. கெல்ஃபாண்டின் அறையில் வினவுதல் இருந்தது; பெல்லாவின் வீட்டில் கேட்டலுக்கு இடம் கிடைத்தது. இவ்விரண்டும் உள்ள இடமே பல்கலைக்கழகம். கோபுரம் அதற்கு அணி மட்டுமே.

சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில், பதிவுக் கட்டணம் செலுத்தவில்லை என்பதற்காக இரண்டு மாணவியர் வாயிலிலேயே நிறுத்தப்பட்டதைக் கண்டேன். உரையை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறோம் என்று அவர்கள் மன்றாடினர். நான் கழுத்தில் அடையாள அட்டையுடன் அவர்களைக் கடந்து உள்ளே சென்றேன். பெல்லாவைப் பற்றிப் படித்த நாள்முதல் அந்த இரு முகங்களும் என்னைவிட்டு அகலவில்லை.