அளக்கப்படாத விழிகள்

கண்புரைச் சத்திரசிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் கத்தியின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1747 இல் பிரெஞ்சு வைத்தியர் ஜாக் டாவியேல் புரைபடர்ந்த வில்லையை விழிக்குள்ளே தள்ளிவிடாது வெளியே எடுத்தமை அதன் திருப்புமுனையாகக் கொள்ளப்படுகிறது. கத்தி பட்ட விழி நெடியதா, குறுகியதா என்னும் வினா அங்கு அரிதாகவே எழுகிறது.

வளர்ந்தோர் விழியின் நீளம் ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். கடுங் குறும்பார்வையுடையோரின் விழி 26 மில்லிமீற்றரையும் விஞ்சும். புரையற்ற தெளிந்த வில்லையையே அகற்றி அத்தகையோரின் பார்வையைச் சீராக்கலாமென 1890 இல் வின்சென்ஸ் புக்காலா என்னும் ஒஸ்திரிய வைத்தியர் அறிவித்தார். அவரது கணக்குப் பிழையன்று. நெடிய விழிக்குக் குவிக்கும் வலு குறைந்தாற் போதும். ஆகவே அம்முறை ஐரோப்பாவிற் பரவிற்று. ஆனால் நீண்ட விழியில் விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். வில்லை நீங்கியதும் பின்னுள்ள கண்ணாடியுடனீர் முன்னகர, விழித்திரை கிழிந்து கழன்றது. இது ஆண்டுகள் சில கழிந்தும் நேரக்கூடியது. நோயாளி வீடு திரும்பிய நாளோடு முடியும் குறிப்பேடு இதனைக் காட்டாது. வரலாற்று மாணவன் ஏமாறும் இடமும் இதுவே. தொற்றும் விழித்திரைக் கழற்சியும் மலிய, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முறை கைவிடப்பட்டது.

1949 நவம்பர் 29 இல் இலண்டன் சென்ற் தோமஸ் வைத்தியசாலையில் ஹரோல்ட் றிட்லி செயற்கை வில்லைச் சிகிச்சையைத் தொடங்கி, 1950 பெப்ரவரியில் வில்லையை நிலையாகப் பதித்தார். இயற்கை வில்லையின் வளைவே அதற்கு முன்மாதிரி. பிளாஸ்திக்கின் முறிவுச் சுட்டி கூடியதாதலின், புரை நீங்கிய பெண்ணுக்கு ஏறத்தாழ 18 டயொப்டர் குறும்பார்வை வாய்த்தது! விழியின் நீளத்தையும் விழிவெண்படலத்தின் வளைவையும் கொண்டு வில்லையின் வலுவைக் கணிக்கும் சூத்திரத்தைச் சோவியத் வைத்தியர் பியோதரோவும் அவர்தம் குழுவினரும் 1967 இல் வெளியிட்டனர். கழியொலி அலைகளால் நீளம் அளக்கப்பட்டது. அளவில் 1 மில்லிமீற்றர் தவறினால் வலுவில் சுமார் 2.5 டயொப்டர் தவறும். குறுகிய விழியில் அதனினுங் கூடும்.

குறுகிய விழியின் இடர் கணக்கோடு நிற்பதன்று. 20 மில்லிமீற்றருக்கும் குறைந்த விழியில் முன்னறை ஒடுங்கியும் வெளியுறை தடித்தும் இருக்கும். விழியைத் திறந்து அமுக்கம் தாழும்போது குருதிக்குழாய்ப் படலத்தில் நீர் கோத்து விழித்திரையை உயர்த்திவிடலாம்.

1999 முதல் ஒளிக்கதிராலேயே நீளம் நுட்பமாக அளக்கப்படுகிறது. இதனால் வில்லையின் வலு பிழைப்பது அருகிற்று. ஆயின் மெலிந்த விழித்திரையை எந்த அளவீடும் தடிப்பாக்குவதில்லை. நீண்ட விழியினர்க்குச் சிகிச்சை இனிதே முடிந்த பின்னரும், கண்ணுள் மின்னற்கீற்றுத் தோன்றினால் உடனே வரும்படி இன்றும் சொல்லியனுப்புகின்றனர்.