இந்திஃபாதா

'இந்திஃபாதா' என்பதைக் கலவரம் என்று மொழிபெயர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அரபியில் அதன் வேர்வினை 'நஃபத': ஆடையில் படிந்த தூசியை உதறுவது. உடல் சிலிர்த்து நடுங்குவதையும் 'இந்திஃபாதா' குறிக்கும். ஈராக்கில் 1952இல் நடந்த கிளர்ச்சிக்கும் இதே பெயர்தான்; ஆனால் 1987 டிசம்பரில் காஸாவில் மூண்ட பாலஸ்தீன எழுச்சியே அதை உலகறிந்த சொல்லாக்கியது. இஸ்ரேல் ராணுவம் பள்ளிகளை மூடியபோது பெண்கள் குழுக்கள் வீடுகளில் வகுப்பு நடத்தின. இஸ்ரேலியப் பொருள்களைப் புறக்கணிக்கக் கூட்டுறவுகளில் உணவுப்பண்டங்கள் தயாரித்தன. இதைக் கலவரம் என்பது அநியாயம். 2000இல் தொடங்கிய இரண்டாம் இந்திஃபாதாவின் குண்டுவெடிப்புகள் சொல்லின் பொருளையே மாற்றிவிட்டன என்பர். வன்முறைச் சாயல் ஏறியது உண்மை; அதற்காக முந்தைய எழுச்சியில் பெண்கள் தந்த உழைப்பை அச்சொல்லிலிருந்து நீக்க முடியாது. தமிழில் 'உதறல்' அச்சத்தையே நினைவூட்டுகிறது. 'எழுச்சி'யில் உதறும் செயல் இல்லை. 'உதறியெழல்' பொருளுக்கு நெருக்கமானது, அதையே நான் பரிந்துரைப்பேன்.