உருவொப்புமையும் சொல்லுறவும்

வடிவும் பொருளும் ஒத்தமை கண்டு சொல்லுறவு துணிதலும், பொருள் வேறுபட்டமை கண்டு உறவு மறுத்தலும் பிழையாம். இதற்குச் செருமானிய மொழிகள் சான்றாகும்.

‘கிஃப்ட்’ என்பது ஆங்கிலத்திற் கொடையையும், செருமன் மொழியில் நஞ்சையும் குறிக்கும். இரண்டும் ‘கொடு’ எனப் பொருள்படும் ஒரே வினையடியிற் பிறந்தனவே. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் மணமகளுக்காகக் கொடுக்கும் பொருளை உணர்த்திற்று. செருமன் மொழியின் ‘மிட்கிஃப்ட்’ இன்றும் சீதனத்தையே குறிக்கும். சுவீடிய மொழியில் இவ்வொரு வடிவமே மணமானவர், நஞ்சு என்னும் இரண்டையும் சுட்டும். கொடுத்தலைக் குறித்த கிரேக்க ‘டோசிஸ்’ மருந்தளவைக் குறிக்கலாயிற்று. அதனையொட்டிச் செருமன் சொல் நஞ்சுப்பொருள் ஏற்றது. தீயதை மறைத்துக் கூறும் இவ்வழக்கு, தமிழிலக்கணத்தார் கூறும் மங்கலத்தோடு ஒப்பிடத்தக்கது.

இனி, ஆங்கில ‘ஹேவ்’, இலத்தீன ‘ஹபேரே’ இரண்டும் வடிவாலும், ‘உடைத்தாதல்’ என்னும் பொருளாலும் ஒத்தன. எனினும் ஒருவேர்ச் சொற்கள் அல்ல. யாக்கோபு கிரிம் 1822-இல் வகுத்துரைத்த ஒலிமாற்ற விதிப்படி, இலத்தீனக் ககரத்திற்கு நேராகச் செருமானியத்தில் ஹகரம் வரும். ஆதலின் ‘ஹேவ்’ என்பதன் உண்மை உறவு, பற்றுதலைக் குறிக்கும் ‘கபேரே’ என்பதே.

ஆகவே, சொல்லாராய்ச்சிக்கு அளவுகோல் ஒலிவிதியும் காலமுறை வழக்குமேயன்றி, செவிக்கு இனிய ஒப்புமை அன்று.