கொடுத்த வாக்கே நாட்டைக் கட்டும்



சில ஆண்டுகளுக்கு முன் படப்பிடிப்புக்காகக் கூச்சிங் சென்றிருந்தோம். விமான நிலையத்தில் குடிநுழைவு முகப்பில் நீண்ட வரிசை. அடையாளக் கார்டைக் காட்டிய பிறகே வெளியே விட்டார்கள். எங்கள் குழுவில் இருந்த கிள்ளான் தம்பி முணுமுணுத்தார்: "நம்ம நாட்டுக்குள்ள வர்றதுக்கே நமக்கு அனுமதியாக்கா?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தேன். பதில் 1963-இல் இருந்தது.

மலேசியா அமைவதற்கு முன், 1962-இல் கோபோல்ட் ஆணையம் சபாவிலும் சரவாக்கிலும் மக்கள் கருத்தைக் கேட்டது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் உடனே சேரலாம் என்றார்கள். இன்னொரு பங்கினர், தக்க பாதுகாப்பு தந்தால் சேர்வோம் என்றார்கள். எஞ்சியவர்கள் தயங்கினார்கள் அல்லது மறுத்தார்கள். ஆக, இரு மாநிலங்களையும் இணைத்தது படைபலம் அல்ல, வாக்குறுதி. 1963 ஜூலை 9-இல் லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானது. செப்டம்பர் 16-இல் மலேசியா பிறந்தது. கூச்சிங்கில் நாங்கள் நின்ற வரிசை, அன்று தந்த பாதுகாப்புகளில் ஒன்று.

"உரிமையைக் கூட்டினால் நாடு உடையும்; சிங்கப்பூரைப் பாருங்கள்" என்றார் எதிரணி நண்பர். கல்வியையும் தொழிலாளர் துறையையும் சிங்கப்பூர் தன் கையில் வைத்திருந்தது உண்மைதான். ஆனால் 1965 ஆகஸ்ட் 9-இல் அது பிரிந்ததற்குக் காரணம் அதுவா? கட்சிகளின் மோதல், வருவாய்ப் பங்கீட்டுத் தகராறு, 1964-இன் இனக்கலவரங்கள் ஆகியவை அல்லவா?

உண்மையில் கசப்பு வளர்ந்தது, கொடுத்த வாக்கு மெல்ல மெல்லத் தேய்ந்ததால்தான். 1963-இல் மக்களவையின் 159 இடங்களில் சபா, சரவாக், சிங்கப்பூர் மூன்றுக்கும் சேர்த்து 55 இடங்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இன்று 222 இடங்களில் சபாவுக்கு 25, சரவாக்குக்கு 31, கால் பங்குதான். 1976-இல் அரசியலமைப்புச் சட்டம் திருத்தப்பட்டு, இரண்டும் 13 மாநிலங்களின் பட்டியலில் வெறும் இரு பெயர்களாயின. சபாவுக்குரிய 40 விழுக்காட்டு சிறப்பு மானியமோ பல்லாண்டுகள் மறுஆய்வே காணவில்லை.

திருத்தமும் நடந்திருக்கிறது. 2010 முதல் மலேசிய தினம் பொது விடுமுறை. 1976-ஐ மாற்றும் முயற்சி 2019-இல் போதிய வாக்கின்றித் தோற்றது. 2021 டிசம்பரில் 199 உறுப்பினர்கள் ஆதரிக்க, எதிர்ப்பின்றி நிறைவேறியது. அதனால் நாடு உடைந்துவிட்டதா? இல்லையே!

வாக்கு முறிந்தால் என்னாகும்? பிரிக்பீல்ட்ஸ் கந்தசுவாமி கோயிலை எழுப்பியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள். அவர்கள் விட்டுவந்த மண்ணில், 1957-இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் பிராந்திய சபைகள் அமைக்க உடன்பட்டார்கள். மறு ஆண்டே அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. பின்னர் 1983 முதல் 2009 வரை அங்கே ஓடிய இரத்தம் நாம் அறிந்ததே. அந்த ஒரு முறிவே முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவநம்பிக்கைக்கு அது உரமிட்டது.

சபா, சரவாக் விவகாரம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் தடுக்கக்கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 152-ஆவது விதி. தமிழை நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள் என்றால், எழுதப்பட்ட அந்த ஒரு வாக்கும் அதற்குத் துணை நிற்கிறது. சிறு எண்ணிக்கையில் வாழும் நமக்கு, காகிதத்தில் எழுதிய வாக்கின் அருமை தெரியாதா? அடுத்தவருக்குத் தந்த வாக்கு தேயும்போது சும்மா இருந்தால், நாளை நம் வாக்கு தேயும்போது கேட்க யார் வருவார்?

அந்தக் கிள்ளான் தம்பிக்கு இப்போது சொல்கிறேன்: அந்த வரிசை நம்மைப் பிரிக்கும் வேலி அல்ல தம்பி, நாம் சேர்ந்ததற்கான கையெழுத்து.