தேரடி மரபு (நல்லூர்)

யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரடியைச் சார்ந்து வளர்ந்த சைவ ஞான மரபு. கடையிற் சுவாமி, அவர் மாணவர் செல்லப்பா சுவாமி (மறைவு 1915), செல்லப்பரின் மாணவர் யோகர் சுவாமி (1872–1964) என இதன் குருவழி வரும். கும்பிடப் போனவர் வேண்டுதலைக் கைவிட்டு, வேண்டுகிற 'நான்' என்பதையும் கைவிடுவதே இங்கு வழிபாடு. சைவ சித்தாந்த நூல்கள் 'தற்போதம் ஒடுங்குதல்' என்று சொல்வது இதையே.

ஊரார் செல்லப்பரை விசரர் என்றார்கள். அவர் மறுக்கவில்லை. ஏனென்றால் மதிப்பு வந்தால் அதைச் சுமக்க ஓர் ஆள் உள்ளே வேண்டியிருக்கும். பாடுபட்டுச் சோறும் கறியும் சமைத்து, உண்ணும் நேரத்தில் பானையை உடைத்துவிடுவார் என்று அடியார்கள் சொல்வார்கள். ஆசை முழுதாக மூண்ட கணத்திலேயே அதை அறுத்த இச்செயல், அவர் தந்த எந்தப் போதனைக்கும் குறைந்ததல்ல. 'ஒரு பொல்லாப்பும் இல்லை', 'எப்பவோ முடிந்த காரியம்', 'நாமறியோம்', 'முழுதும் உண்மை' ஆகிய நான்கும் அவருடைய மகாவாக்கியங்கள்.

மாவிட்டபுரத்தில் பிறந்த யோகர், இரணைமடுக் குள வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். நல்லூர் வீதியில் அவரைக் கண்ட செல்லப்பர் "யாரடா நீ?" என்று அதட்டினார். சொல்வதற்குப் பெயரும் உத்தியோகமும் இருந்தும், அவை விடையாகா என்பது அங்கேயே அவருக்குத் தைத்தது. வேலையை விட்டுக் குருவோடு இருந்தார். பின்னர் கொழும்புத்துறையில் இலுப்பை மரத்தடியிலும் கொட்டிலிலும் வாழ்ந்தார். பரீட்சை, கலியாணம், வருத்தம் என்று வந்தவர்களில் சிலரை ஏசியும் அனுப்பினார். 'சும்மா இரு' என்பதே அவர் அடிக்கடி சொன்ன வழி. அவர் பாடல்கள் 'நற்சிந்தனை' என்ற தொகுப்பாக உள்ளன.

'நான்' என்பதைக் கைவிடும் இவ்வழிபாட்டுக்குப் பாமர மக்களிடம் உடல்வழி ஒன்று உண்டு. நல்லூரின் 25 நாள் திருவிழாவில் ஆண்கள் ஈர வேட்டியோடு வெளிவீதி மணலில் உருண்டு பிரதட்டை எடுப்பார்கள். பெண்கள் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிப்பார்கள். உருள்பவருக்குத் திசை தெரியாது. கூட வருபவர் கைகொடுத்துத் திருப்பிவிட வேண்டும். நேர்த்திக்காகத் தொடங்கினாலும், பாதி வீதியில் நேர்த்தி மறந்துபோவதுதான் இதன் சிறப்பு.

யோகர் சுவாமியின் வழியில் 'சிவதொண்டன்' இதழ் 1935இலும், யாழ்ப்பாணம் சிவதொண்டன் நிலையம் 1953இலும் தொடங்கின. நிலையத்தின் மேல்மாடித் தியான மண்டபத்தில் குருவின் திருவடி வைக்கப்பட்டுள்ளது, அங்கே பேச்சில்லை. மட்டக்களப்பு மாவட்டம் செங்கலடியிலும் ஒரு நிலையம் இயங்குகிறது.